தாவரவியலாளர் வேலையும் தாவரவியல் பூங்காவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்துவிட்டுத் தாவரவியல் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களும், ஊட்டிக்கோ இலங்கையின் பேராதனைக்கோ போய்வந்த பிறகு "இவ்வளவு செலவு செய்து இதை ஏன் பராமரிக்கிறார்கள்?" என்று கேட்பவர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: செடியோடு சேர்த்து வைக்கப்படும் பதிவில்.

தாவரவியலாளர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

காட்டில் செடி தேடி அலைவது ஆண்டில் சில வாரங்கள்தான். ஒரு களப்பயணத்தில் நூறு மாதிரிகள் கொண்டுவந்தால், அவற்றை உலர்த்தி, ஒட்டி, பெயர் கண்டு முடிக்க மாதக்கணக்கில் ஆகும். மேசை, நுண்ணோக்கி, பழைய தாள்கள் ஆகியவற்றோடுதான் பெரும்பாலான நாள்கள் கழியும். இதில் பொறுமை இல்லாதவருக்கு மலையேற்றம் எவ்வளவு பிடித்தாலும் இந்த வேலை பிடிக்காது.

இப்படிச் செடிகளை இனம் பிரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியல் ஒரு பிரிவு மட்டுமே. சூழலியல், செல்லியல், செயலியல், மருந்துத் தாவரங்கள், பயிர் மரபியல் என்று பல வழிகள் உண்டு. ஒரே ஆள் பல வழிகளில் நடக்கவும் முடியும். ஈ.கே. ஜானகி அம்மாள் 1897-ல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, 1931-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களைப் பற்றி ஆய்ந்தார், இங்கிலாந்தில் தோட்டச் செடிகளில் வேலை செய்தார். பிறகு நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். ஆய்வகம், தோட்டம், உலர்தாவரகம் (ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) மூன்றும் ஒரே வாழ்க்கையில் அடங்கின.

என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவோ, தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக உள்ள பிரிவோ எடுத்திருக்க வேண்டும். பிறகு பி.எஸ்சி., எம்.எஸ்சி. தாவரவியல். ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டிலேயே நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வுக்குத் தயாராகத் தொடங்குவது நல்லது. இதில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அறிவியல் பாடங்களுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் தாவரவியலுக்கென்று தனித் தாள் கிடையாது. 'உயிர் அறிவியல்' என்ற ஒரே தாளில் உயிர்வேதியியல், செல் உயிரியல், விலங்குச் செயலியல், பரிணாமம் எல்லாம் வரும். கல்லூரியில் படித்த தாவரவியலை மட்டும் நம்பிப் போனால் பாதிக் கேள்விகள் அந்நியமாகத் தெரியும்.

ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) தகுதியோடு தேறினால் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை. வீட்டு வாடகைப்படி தனி. வெறும் விரிவுரையாளர் தகுதி மட்டும் கிடைத்தால் இந்தப் பணம் வராது.

பட்டத்துக்கு வெளியே கற்க வேண்டியவை மூன்று: வரைபட மென்பொருள், 'ஆர்' என்ற கணினி மொழியில் அடிப்படைப் புள்ளியியல், தெளிவாகக் கோட்டோவியம் வரைவது. மூன்றாவதைப் பலர் ஒதுக்குகிறார்கள். ஒரு பூவை வெட்டி வரையும்போதுதான் மகரந்தத்தாள் இதழில் ஒட்டியிருக்கிறதா, தனியே நிற்கிறதா என்று கண் கவனிக்கும். புகைப்படம் எடுக்கும்போது அந்தக் கவனம் வருவதில்லை.

வேலை கிடைக்குமா?

வகைப்பாட்டியலில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இதை மறைத்துச் சொல்வது மாணவருக்குச் செய்யும் தீங்கு. தாவரவியல் படித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி ஆசிரியர் பணிக்குத்தான் போகிறார்கள். அதற்கு அடுத்து, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட, பி.எஸ்.ஐ. என்று அழைக்கப்படும் தாவரவியல் அளவாய்வு நிறுவனம் (தொடக்கம் 1890, தென் மண்டல மையம் கோயம்புத்தூரில்), வனத்துறை, விதை நிறுவனங்கள், மூலிகை மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், காடு மீட்டெடுக்கும் அமைப்புகள். இந்திய வனப்பணித் தேர்வு எழுதத் தகுதியான பட்டப்படிப்புப் பாடங்களில் தாவரவியலும் ஒன்று.

சுற்றுச்சூழல் மதிப்பீட்டு வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தமிழகச் சமவெளியில் ஓராண்டுச் செடிகள் பல, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முளைத்து, பூத்து, கோடைக்குள் மடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் போய்க் கணக்கெடுத்தால் 'இங்கே முட்புதரைத் தவிர ஒன்றுமில்லை' என்றுதான் அறிக்கை வரும். நவம்பர் முதல் ஜனவரிக்குள் ஒரு முறையாவது போகாத கணக்கெடுப்பை நம்ப முடியாது.

மாதிரி சேகரிப்பது எப்படி? எங்கே தவறு நடக்கிறது?

முதலில் அனுமதி. காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் தனி விதிகள் உண்டு. அவற்றைக் கவனிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது.

சிறு செடியென்றால் வேரோடு எடுக்க வேண்டும். மரமென்றால் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீளக் கிளை. பூ, காய் இரண்டும் இருந்தால் நல்லது, ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். வெறும் இலைக்கிளை பெரும்பாலும் பயன்படாது. தாளைவிட நீளமான செடியை 'வி' அல்லது 'என்' எழுத்துபோல மடிக்கலாம். ஓர் இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் தெரியும்படி வைக்க வேண்டும். மயிர்கள், சுரப்பிகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒட்டிய பிறகு திருப்ப முடியாது.

செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, அழுத்தச்சட்டத்தை வார்ப்பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். முதல் நான்கு நாள்கள் தினமும் தாள் மாற்ற வேண்டும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். வெயில் காலத்தில் ஏழெட்டு நாளில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஒருநாள் தாள் மாற்ற மறந்தாலும் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். உலர்ப்பெட்டி இருந்தால் 45 டிகிரி அளவில் வைக்கலாம். சூடு அதிகமானால் இலை பழுப்பாகி நொறுங்கும். சதைப்பற்றுள்ள செடிகளும் புல்லுருவி வகைகளும் அழுத்தத்துக்குள்ளேயும் பல நாள் உயிரோடிருந்து இலையை உதிர்த்துவிடும். அவற்றைக் கொதிநீரில் சில நொடிகள் முக்கியெடுத்து, பிறகு அழுத்தினால் உதிராது. ஓயாத மழையில் மலைக்காட்டில் இருந்தால், செய்தித்தாளில் சுற்றிய மாதிரிகளைச் சாராயத்தால் நனைத்து பாலித்தீன் பையில் காற்றுப்புகாமல் கட்டிவைத்து, ஊர் திரும்பிய பிறகு உலர்த்தலாம். நிறம் போய்விடும், உருவம் தங்கும்.

பெரிய தவறு உலர்த்துவதில் நடப்பதில்லை, எழுதுவதில் நடக்கிறது. பூவின் நிறம், மணம், பால் வடிந்ததா, மரத்தின் உயரம், பட்டையின் தன்மை ஆகியவை காய்ந்தபின் தெரியாதவை. அங்கேயே நின்று, பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை மழையில் கரையும். இடம், உயரம், அட்ச தீர்க்க ரேகை, தேதி, சேகரித்தவர் பெயர், வரிசை எண். இந்த எண் வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கினால் பத்து ஆண்டுகளில் ஒரே எண்ணில் பத்துச் செடிகள் இருக்கும்.

காய்ந்த மாதிரியைச் சுமார் 42 × 28 சென்டிமீட்டர் அட்டையில் ஒட்டி, கீழ் வலது மூலையில் பெயர்ச்சீட்டு வைப்பது வழக்கம். உலர்தாவரகத்துக்குள் கொண்டுபோகும் முன் பாலித்தீன் உறையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை விட வேண்டும், இல்லையென்றால் தாளில் நீர் கோக்கும். பழைய மாதிரிகளில் பூச்சிக்காகப் பாதரசக் குளோரைடு தடவியிருப்பார்கள். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

ஒரு செடிக்குச் சரியான பெயர் வைப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

கீழாநெல்லியைப் பாருங்கள். மஞ்சள் காமாலைக்கு வீடுகளில் அரைத்துக் கொடுக்கும் செடி பைலாந்தஸ் அமாரஸ். ஆனால் பைலாந்தஸ் என்ற அதே பேரினத்தின் வேறு இனங்களும் வயல் வரப்பில் பக்கத்துப் பக்கத்தில் வளரும். கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வரும்போது எல்லாம் கலந்தே வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, செடியை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும், லென்ஸைச் செடியிடம் கொண்டுபோகக் கூடாது. அமாரஸின் காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கும். விதையின் முதுகில் கோடுகள் நீளவாக்கில் ஓடும். பைலாந்தஸ் உரினேரியாவின் காய் காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டி, சொரசொரப்பாக இருக்கும். விதையில் வரிகள் குறுக்காக ஓடும். காய்ந்து தூளான பிறகு இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. அப்போது டி.என்.ஏ. பார்த்தால்தான் உண்டு. அதற்கும் ஒப்பிட, சரியாகப் பெயரிட்ட ஒரு மாதிரி எங்காவது இருந்தாக வேண்டும்.

பாடப்புத்தகத்தில் படித்த பெயரை ஏன் மாற்றுகிறார்கள்?

உறவுமுறை பற்றிய அறிவு திருந்தும்போது பெயரும் திருந்தும். கருவேலம் நெடுங்காலம் அகேசியா நிலோட்டிகாவாக இருந்தது, இப்போது வச்செலியா நிலோட்டிகா. அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்குப் போய்விட்டது. சீமைக்கருவேலமும் புரோசாபிஸிலிருந்து 2022-ல் நெல்டுமாவுக்கு மாறியது. எரிச்சலாக இருக்கும், உண்மைதான். ஆனால் உலர்தாவரகத்தில் உள்ள மாதிரி மாறுவதில்லை, அதன் மேல் புதுச் சீட்டு ஒன்று கூடுதலாக ஒட்டப்படும். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது.

புது இனம் கண்டுபிடித்ததாகத் தோன்றினால்?

பத்தில் ஒன்பது முறை அது ஏற்கெனவே பெயர் பெற்றதாகத்தான் இருக்கும். காம்பிளின் சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பிலும் (1915–1936) பிற்கால நூல்களிலும் பாருங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றில் முன்கூட்டியே அனுமதி பெற்று ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் பொருந்தவில்லையென்றால் இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை எழுதி வெளியிடலாம். 2012-க்கு முன் இலத்தீன் கட்டாயமாக இருந்தது. எந்த ஒரு தாள் மூலமாதிரி (புதுப்பெயருக்கு நிலையான ஆதாரமாக வைக்கும் மாதிரி), அது எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் குறிப்பிட வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போனால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் பெயர் செல்லாது.

சாதாரணப் பூங்காவுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் என்ன வேறுபாடு?

பதிவேடு. அழகான மரம் எந்தப் பூங்காவிலும் இருக்கலாம். தாவரவியல் பூங்காவில் உள்ள மரத்துக்குச் சேர்க்கை எண் உண்டு. எந்த ஆண்டு, எங்கிருந்து, யார் கொண்டுவந்தார், காட்டிலிருந்து நேரடியாகவா, வேறு தோட்டத்து விதையிலிருந்தா என்பதெல்லாம் அந்த எண்ணின் கீழ் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு முதலிலும் வரிசை அடுத்தும் வரும்படி எண்ணை அமைப்பது வழக்கம்: 2019-0143 என்றால் 2019-ல் வந்த 143-ஆவது சேர்க்கை. ஒரே இடத்தில் எடுத்த ஒரே இன விதையிலிருந்து பத்து நாற்று வந்தால் பத்துக்கும் அதே எண்ணோடு துணை எழுத்து.

எண் பொறித்த அலுமினியத் தகட்டை மரத்தில் கட்டுவதில்கூடக் கவனம் வேண்டும். கம்பியை இறுக்கிச் சுற்றிவிட்டு மறந்தால், பத்து ஆண்டுகளில் அது பட்டைக்குள் புதைந்து மரத்தை நெரிக்கும். சுருள்கம்பி போட்டால் தண்டு பருக்கப் பருக்க அதுவும் விரியும். இதைவிட மோசமானது, செடி செத்துப் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சுவது. பக்கத்தில் தானாக முளைத்த வேறொன்று அந்தப் பெயரில் வளரும், பள்ளிப் பிள்ளைகள் அதையே எழுதிக்கொண்டு போவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகச் சரிபார்ப்பது ஒன்றுதான் இதற்கு வழி. பணம் குறையும்போது முதலில் கைவிடப்படுவதும் இந்த வேலைதான். அதுதான் பெரிய வருத்தம்.

ஊட்டியில் எதைப் பார்ப்பது?

ஊட்டி அரசு தாவரவியல் பூங்கா 1848-ல் வில்லியம் கிரஹாம் மக்ஐவரின் பொறுப்பில் தொடங்கியது. தொட்டபெட்டா சரிவில் சுமார் 22 ஹெக்டேர். மே மாத மலர்க் கண்காட்சிக்கு வருகிறவர்கள் கீழ்ப் புல்வெளியோடும் பூப்பாத்திகளோடும் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பூக்கள் ஒரு பருவத்துக்கு நட்டவை. மேலே ஏறிப் பழைய மரங்களைப் பாருங்கள். பல நாட்டு மரங்கள் நூறாண்டுக்கும் மேலாக ஒரே மண்ணில், ஒரே குளிரில் நிற்பது ஆய்வாளருக்குக் கிடைத்தற்கரிய பரிசோதனைக்களம்.

சமவெளிக்காரர்கள் ஆரோவில் தாவரவியல் தோட்டத்துக்கும் போய்வர வேண்டும். 2003-ல் தொடங்கியது. வீரை, காசான், உலக்கைப்பாலை போன்ற மரங்கள் நிறைந்த சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடு இன்று கோயில்காடுகளில் துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்த மரங்களை வளர்ப்பதில் அங்கே கவனம் செலுத்துகிறார்கள். ஏற்காட்டில் பி.எஸ்.ஐ.யின் ஆர்க்கிட் தோட்டம் உள்ளது.

விதை வங்கி இருக்கும்போது தோட்டம் எதற்கு?

எல்லா விதையையும் வங்கியில் போட முடியாது என்பதற்காக.

நெல், கத்தரி, ஆவாரை போன்றவற்றின் விதை காயக் காய நீண்டநாள் வாழும். விதை வங்கியில் 15 டிகிரி வெப்பம், 15 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் மெதுவாக உலர்த்தி, காற்றுப்புகாத கலனில் அடைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைப்பார்கள். ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும் என்பது இத்துறையின் கைக்கணக்கு. காட்டில் விதை எடுக்கும்போது குறைந்தது 50 செடிகளிலிருந்து எடுக்க வேண்டும், அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பறிப்பதற்கு முன் பத்து இருபது விதையை வெட்டிப் பார்ப்பது கட்டாயம். வெளியே முழுசாகத் தெரியும் விதைக்குள் பருப்பே இல்லாமலும் இருக்கும், புழு தின்றும் இருக்கும். வெட்டிப் பார்க்காமல் மூட்டை கட்டிவந்து வெறும் உமியைக் குளிரூட்டிய கதைகள் உண்டு.

ஆனால் மா, பலா, நாவல், ரப்பர், கொக்கோ போன்றவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். வேப்பங்கொட்டையும் சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு மரங்களில் பலவும் இப்படித்தான். இவற்றுக்கு மரமாக நட்டு வைப்பதே சேமிப்பு.

இந்த வேறுபாட்டை ரப்பரின் வரலாற்றிலேயே காணலாம். 1876-ல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. வழியிலேயே பெரும்பாலானவற்றின் உயிர் போயிருந்தது. முளைத்த நாற்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து உடனே இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். அவற்றுக்கென்றே கம்பஹாவில் ஹெனரத்கொடை தோட்டம் அமைந்தது. ஆசியாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அடி அங்கேதான். அந்தத் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பாடும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்படியென்றால் தாவரவியல் பூங்காக்கள் காலனியக் கருவிகள்தானே?

ஆம், பெரும்பாலும் அதற்காகவே அமைக்கப்பட்டன. 1787-ல் கல்கத்தா, 1821-ல் பேராதனை, 1861-ல் மலேரியா மருந்து தரும் சிங்கோனா மரத்துக்காக இலங்கையின் ஹக்கலை என்று பணப்பயிர்களைச் சோதிக்கும் நிலையங்களாகத்தான் இவை பிறந்தன. கெடுதலும் இவற்றின் வழியே வந்தது. இன்று முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் மூடிக்கிடக்கும் உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்தில் அலங்காரத்துக்காகக் கல்கத்தாத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டதுதான். அதனால்தான் பொறுப்புள்ள தோட்டங்கள் புது வெளிநாட்டுச் செடியைத் திறந்த வெளியில் நடும் முன் தனியிடத்தில் வைத்துக் கவனிக்கின்றன. தானாக விதை பரப்புகிறதா, பறவை தின்னும் கனியா, வேரிலிருந்து துளிர்க்கிறதா என்று பார்க்கின்றன. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் நடாமலிருப்பதே நல்லது.

அழியும் இனத்தை ஒரு பூங்காவால் காப்பாற்ற முடியுமா?

உயிரோடு வைக்க முடியும். அதற்கு மேல் என்ன முடியும் என்பது எத்தனை செடிகளைக் காப்பாற்றினோம் என்பதைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்காவின் ஒங்கோயே காட்டில் 1895-ல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட், பனைபோல் தோன்றும் ஒரு சைகஸ் வகைச் செடியைக் கண்டார். என்செபலார்ட்டோஸ் வுடியை. ஒரே ஒரு புதர், அதுவும் ஆண். பெண் செடி இதுவரை கிடைக்கவில்லை. இன்று உலகத் தோட்டங்களில் நிற்பவை எல்லாம் அந்த ஒன்றின் பக்கக்கன்றுகள். தோட்டம் இல்லையென்றால் இனமே இல்லை, ஆனால் தோட்டம் இருந்தும் விதை இல்லை.

உலகத் தாவர இனங்களில் சுமார் 30 சதவீதமும், அழியும் நிலையில் உள்ளதாக அறியப்பட்டவற்றில் 41 சதவீதமும் ஏதோ ஒரு தாவரவியல் பூங்காவில் வளர்கின்றன என்று 2017-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பெரிய எண்தான். ஆனால் ஒரே தாய்மரத்து விதையிலிருந்து வந்த இருபது கன்றுகள் இருபது சேமிப்பு ஆகாது, அவை உடன்பிறப்புகள். ஒரே பேரினத்தின் பல இனங்களைப் பக்கத்தில் நட்டு, அங்கே தானாக விளைந்த விதையைக் காட்டில் கொண்டுபோய் விதைப்பதும் ஆபத்து. அது கலப்பினமாக இருக்கலாம். பூவைப் பையால் மூடி, கையால் மகரந்தம் சேர்த்த விதையோ, பதியனோதான் நம்பத்தக்கது.

பட்டம் இல்லாமல் இந்தத் துறைக்கு வர முடியுமா?

முடியும். நாற்றங்காலில் இருபது ஆண்டு வேலை செய்த தோட்டக்காரருக்கு எந்தக் காட்டு விதையை ஊறவைக்க வேண்டும், எதன் ஓட்டைத் தேய்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். மலைக்கிராம மக்கள் பூவில்லாத காலத்திலும் பட்டையை முகர்ந்து மரத்தைச் சொல்வார்கள். இவர்களின் பெயரும் மாதிரிச் சீட்டில் சேகரித்தவர் வரிசையில் வர வேண்டும். வராமல் விடுவது அநியாயம்.

இந்த வாரமே தொடங்க நினைத்தால்?

கைலென்ஸ், பென்சில், கெட்டி அட்டை போட்ட நோட்டு. தெருவில் உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை ஓராண்டுக்குப் பாருங்கள்: தளிர், பூ, பிஞ்சு, பழம், இலையுதிர்வு. படமெடுத்தால் ஆறு எடுங்கள். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், இலைகள் தண்டில் அமைந்த விதம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய், பட்டை. மேலிருந்து எடுத்த ஒற்றைப் பூவின் படத்தை வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாது. முதல் பக்கத்தில் எண் 1 என்று எழுதி, தேதியும் இடமும் குறியுங்கள். அடுத்த செடி எண் 2.